வீட்ல காய்ச்சுற பேல் ஏல் பீருக்கு டிரை ஹாப்பிங்ல (நொதிச்ச பீர்ல ஹாப் பூவை ஊறப்போடுறது) எந்த ஹாப் செட் ஆகும்னு எப்படி தெரிஞ்சுக்கறது?

ஒரே ஏலைப் பிரிச்சுப் பாருங்க, அதான் சுலபம். நான் இங்க அமெரிக்காவுல ஓரிகான்ல 19 லிட்டர் காய்ச்சி, நொதிச்சு அடங்குற நேரத்துல நாலு கண்ணாடி ஜாடில நாலு நாலு லிட்டரா ஊத்தி, ஒண்ணுல கேஸ்கேட்ங்கற ஹாப் வகை, ஒண்ணுல சிட்ராங்கற வகை, ஒண்ணுல ரெண்டும் பாதிப்பாதி போட்டு கடைசி ஜாடிய சும்மா விட்டேன், அது இல்லன்னா எதோட ஒப்பிடுறது? ஜாடிக்கு 12 கிராம், மூணு நாள். கொதிக்கறப்ப போட்டா ஹாப் கசப்பைத் தரும், வாசனை எண்ணெய் ஆவியோட போயிடும், ஆறினதுக்கு அப்புறம் போட்டா வாசனை தங்கும், கசப்பு பெருசா ஏறாது. கேஸ்கேட் பம்ப்ளிமாஸ் தோலைக் கிள்ளுன மாதிரி இருந்துச்சு, சிட்ரா மூடியத் திறந்ததுமே மாம்பழம், எனக்கு கலவைதான் புடிச்சுது. ஒரு தடவை பத்து நாள் மறந்து விட்டுட்டேன், பச்சைப் புல்லை மென்ன மாதிரி ஆயிடுச்சு.

ஜாடி மாத்தறப்ப சலசலன்னு ஊத்தாதீங்க, டியூப்ல அடிவரைக்கும் விடுங்க, காத்து பட்டா வாசனை போயி நிறமும் பழுப்பாயிடும். அப்புறம் ஹாப்ல இருக்கிற என்சைம் ஈஸ்ட் சாப்பிடாம மிச்சமிருக்கிற டெக்ஸ்ட்ரினை (மாவுச்சத்து உடைஞ்ச துண்டுகள்) சர்க்கரையா உடைச்சு ஈஸ்ட்டை திரும்ப எழுப்பிவிடும், அதனால ஹைட்ரோமீட்டர் (பீரோட அடர்த்தியை அளக்குற கருவி) ரீடிங் ரெண்டு மூணு நாள் மாறாம நின்னாதான் பாட்டில்ல அடைக்கணும், இல்லன்னா உள்ள வாயு ஏறி பாட்டில் வெடிக்கலாம்.