ஸ்லோ குக்கர்ல சூடான பழ ஸ்வீட்: நீங்க கேட்டதுக்கு என் பதில்

மார்கழி பொறந்ததுல இருந்து ஸ்லோ குக்கர்ல, அதாவது கரண்ட்ல மெதுவா மணிக்கணக்கா வேக வைக்கற பீங்கான் சட்டில, பழ ஸ்வீட் செய்யறதப் பத்திதான் நிறைய பேர் கேக்கறீங்க. நம்ம வேலூர்ல குளிர்னு சொல்லிக்கிறது வருஷத்துல ரெண்டு மாசம், அந்த ரெண்டு மாசத்துல சாயந்திரம் பட்டை ஏலக்காய் வாசனையோட சுடச்சுட ஒரு கிண்ணம் பழம் சாப்பிடறது எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம், அதனால ஒவ்வொண்ணா பொறுமையா எழுதறேன்.

அக்கா, ஆப்பிள் போட்டு செஞ்சேன், ரசம் மாதிரி தண்ணியா வந்துடுச்சு. இன்னா தப்பு பண்ணேன்? (காட்பாடி)

எவ்ளோ தண்ணி ஊத்துனீங்கன்னு எழுதல, ஆனா ஒரு டம்ளராவது ஊத்தியிருப்பீங்க. ஸ்லோ குக்கர்ல முதல்ல புரிஞ்சுக்க வேண்டியது இதுதான், உள்ள இருக்கற தண்ணி வெளிய போகாது. அடுப்புல வாணலி வெச்சா ஆவியா போயிடும், இதுல ஆவி மூடில பட்டு முத்து முத்தா நின்னு திரும்ப பழத்து மேலயே சொட்டும். போதாததுக்கு சக்கரையோ வெல்லமோ பட்ட உடனே பழமும் தன் தண்ணிய விட ஆரம்பிச்சுடும். ஒரு கிலோ ஆப்பிளுக்கு நான் ஊத்தறது நாலு டேபிள்ஸ்பூன் தண்ணி, அவ்ளோதான்.

என் அளவு இது: ஆப்பிள் 1 கிலோ, அரை இஞ்ச் கனத்துக்கு துண்டு போட்டது, வெல்லம் 100 கிராம், எலுமிச்சை சாறு ஒரு டேபிள்ஸ்பூன், நெய் ஒரு டேபிள்ஸ்பூன், ரெண்டு இஞ்ச் பட்டை ஒண்ணு, கிராம்பு 3, ஏலக்காய் 3, சுக்குப்பொடி கால் டீஸ்பூன், ஒரு சிட்டிகை உப்பு. வெல்லத்த அந்த நாலு ஸ்பூன் தண்ணிலயே கரைச்சு வடிகட்டிட்டு ஊத்துங்க, நம்ம மண்டித் தெருவுல நல்ல வெல்லமா பாத்து வாங்கினாலும் மண்ணு ஒண்ணு ரெண்டு இருக்கத்தான் செய்யும். லோ-ல வெச்சா மூணுல இருந்து நாலு மணி நேரம், ஹை-ல ரெண்டு மணி நேரம்.

இப்ப தண்ணியா போனத தூக்கிப் போடாதீங்க. பழத்த கரண்டில அள்ளி தனியா வெச்சுட்டு, சாற மட்டும் அகலமான வாணலில ஊத்தி கொதிக்க விட்டு பாதியா சுண்ட வைங்க, ஸ்பூன் பின்பக்கம் ஒட்டிக்கிட்டு நிக்கற பதம் வந்ததும் பழத்து மேல ஊத்துங்க. கார்ன்ஃப்ளார் கரைச்சு ஊத்தியும் கெட்டியாக்கலாம், ஆனா சுண்ட வெச்ச ருசி அதுல வராது.

நடுவுல தொறந்து கிளறி விடணுமா? (ஆம்பூர்)

ஆம்பூர்ல இருந்துகினு இந்தக் கேள்வியா! பிரியாணிக்கு தம் போட்டா மூடிய தொறந்து தொறந்தா பாப்போம்? இதுவும் அதே கணக்குதான். ஒரு தடவ மூடிய தூக்கினா போன சூடு திரும்பி வர இருவது முப்பது நிமிஷம் ஆகும், அதுக்கேத்த மாதிரி நேரமும் இழுக்கும். கண்ணாடி மூடி வழியாவே பாருங்க, ஆப்பிள் துண்டோட ஓரம் வெள்ளை மாறி கண்ணாடி மாதிரி ஆகும், நடுவுல மட்டும் இன்னும் கொஞ்சம் வெள்ளை தெரியும், அப்ப ஒரே ஒரு தடவ தொறந்து கத்தி முனையால குத்துங்க. லேசா ஒரு தடை இருந்து உள்ள போச்சுன்னா ஆஃப் பண்ணிடுங்க, மிச்சத்த அந்த சட்டி சூடே பாத்துக்கும்.

பட்டை கிராம்பு பொடியா போடலாமா? எனக்கு கசந்துடுச்சு. (குடியாத்தம்)

முழுசாவே போடுங்க. மணிக்கணக்கா வேகறப்ப பொடி சாறெல்லாம் பரவி கலங்கலாக்கிடும், கசப்பும் ஏறும். கிராம்புதான் ரொம்ப ஜாக்கிரதையா போட வேண்டியது, மூணுக்கு மேல போனா நாக்கு மரத்துப் போகும். நான் சின்ன வெள்ளைத் துணில எல்லாத்தையும் முடிச்சா கட்டிப் போட்டுடுவேன், பரிமாறும்போது யார் வாயிலயும் கிராம்பு கடிபடாது. கடைல சாதாரணமா கிடைக்கற தடிப்பட்டைக்கு காரம் ஜாஸ்தி, மெல்லிசா அடுக்கடுக்கா சுருட்டின பட்டை கிடைச்சா பழத்துக்கு அதுதான் சேரும். ஜாதிக்காய் மட்டும் கடைசில, ஆஃப் பண்ணதும் ரெண்டு தேய் தேய்ச்சா போதும். அன்னாசிப்பூ வேணாம், பிரியாணி ஞாபகம்தான் வரும்.

ஆப்பிள் விக்கற விலைக்கு வேற பழம் போடலாமா? (ராணிப்பேட்டை)

தாராளமா. வேகறப்ப கரையாத கெட்டிப் பழமா இருக்கணும், அவ்ளோதான். பேரிக்காய் அருமையா வரும், அன்னாசி அத விட நல்லா வரும், நேந்திரம்பழம் செங்காயா இருக்கறப்ப போடுங்க. கொய்யான்னா விதைய வழிச்சுட்டுப் போடுங்க. பப்பாளி வேணாம், குழைஞ்சுடும். மாம்பழ சீசன்ல நல்லா பழுத்தது வேணாம், பாதி பழுத்து கையில அழுத்தினா கெட்டியா இருக்கறது எடுங்க.

ரெண்டு மூணு பழம் கலந்தா கெட்டியானத அடில போடுங்க, சூடு அடில இருந்தும் பக்கத்துல இருந்தும்தான் வருது. மெத்துனு இருக்கறத கடைசி ஒரு மணி நேரத்துல சேருங்க, அதுக்கு மட்டும் மூடிய தொறக்கலாம். உலர் திராட்சை, அத்திப்பழம் ஒரு கைப்பிடி போட்டுப் பாருங்க, மிஞ்சற சாற அதுங்களே குடிச்சு உப்பிக்கும்.

பால் ஊத்தினேன், திரிஞ்சு போச்சு. (சத்துவாச்சாரி)

பழத்துல புளிப்பு இருக்கு, எலுமிச்சையும் ஊத்தறோம், அந்தப் புளிப்போட மணிக்கணக்கா சூட்டுல கிடந்தா பால் திரியாம இருக்காது. பால், க்ரீம், தேங்காப்பால் எதுவா இருந்தாலும் குக்கர் ஆஃப் பண்ணி பத்து நிமிஷம் கழிச்சுதான். எனக்குப் பிடிச்சது சுண்ட காய்ச்சின பால ஆற வெச்சு, கிண்ணத்துல பழம் போட்டதுக்கப்புறம் மேலால ஊத்திக்கறது.

நடுவுல கரண்ட் போயிடுச்சுன்னா? (குடியாத்தம், இன்னொருத்தங்க)

மூடிய தொறக்காதீங்க, சட்டி கனமான பீங்கான், அரை மணி முக்கா மணி சூட்ட பிடிச்சு வெச்சுக்கும். ஒரு மணி நேரம் தாண்டுச்சுன்னா பாத்திரத்துல மாத்தி கேஸ்ல முடிச்சுடுங்க. பீங்கான் சட்டிய மட்டும் கேஸ் அடுப்புல வெச்சுடாதீங்க, விரிசல் விட்டுடும், சூடான சட்டில பச்சத் தண்ணி ஊத்தறதும் அதே மாதிரிதான், எனக்கு ஒரு சட்டி அப்படித்தான் போச்சு, கழுவற அவசரத்துல குழாய தொறந்தேன், டப்புனு ஒரே சத்தம். வெளிய போயிருந்தப்ப எவ்ளோ நேரம் கரண்ட் இல்லன்னே தெரியலன்னா மனசு கேக்காட்டியும் கொட்டிடுங்க.

மாமியாருக்கு சுகர் இருக்கு, வெல்லம் போட்டா சாப்பிடலாம்ல? (காட்பாடி)

இல்லம்மா. வெல்லமும் சக்கரைய ஏத்தத்தான் செய்யும், நாட்டுச் சக்கரையும் அப்படித்தான். இனிப்பே போடாம பேரிக்காய், பட்டை, சுக்கு, நெய் மட்டும் வெச்சு செஞ்சுப் பாருங்க, பழத்தோட இனிப்பே நல்லா எடுத்துக் குடுக்கும். அதுவும் எவ்ளோ சாப்பிடலாம்னு அவங்க டாக்டர ஒரு வார்த்தை கேட்டுட்டு குடுங்க.

ஸ்லோ குக்கரே இல்லக்கா. (ஆற்காடு)

அதுக்காக வாங்கணும்னு இல்ல. அடி கனமான பாத்திரத்துல இதே அளவுல போட்டு, அடுப்புல தோசைக்கல்லு வெச்சு அது மேல பாத்திரத்த வைங்க, சிம்ல முப்பத்தஞ்சு நாப்பது நிமிஷம். தண்ணி மட்டும் கால் டம்ளர் கூட ஊத்துங்க, இதுல ஆவி வெளிய போகும்.