மண்டபத்தில் எங்கே நிற்பது? வாசகர் கேள்விகளுக்குக் கல்யாண போட்டோகிராபர் பதில்

(கும்பகோணம் பக்கத்து மண்டபங்களில் முப்பது வருடத்துக்கு மேல் கேமரா தூக்கியவன் என்ற தகுதியில் பதில் சொல்கிறேன். ஸ்டூடியோவை இப்போது பையன் பார்த்துக்கொள்கிறான்.)

அடுத்த மாதம் அக்காவுக்குக் கல்யாணம். போட்டோகிராபர் வருகிறார் என்றாலும் என் மொபைலில் எடுக்க ஆசை. நன்றாக வருமா?
வாசகி, மன்னார்குடி

வரும். மேடைப் பக்கம் போகாமல் இருந்தால் இன்னும் நன்றாக வரும். தாலி கட்டும்போது மொபைலை நீட்டிக்கொண்டு பத்துப் பேர் நிற்பார்கள், பதினோராவது ஆளாக நீங்கள் எதற்கு? ஆறு மணி முகூர்த்தம் என்றால் மூன்றரைக்கே மணப்பெண் அறையில் ட்யூப்லைட் எரியும். அங்கே எங்களைப் போன்றவர்களை விடமாட்டார்கள், விடவும் கூடாது. ஜடை பின்னுகிற பெரியம்மா பல்லில் கடித்திருக்கும் ஹேர்பின், அரைத் தூக்கத்தில் அக்கா குடிக்கும் காபி, வாசலில் நின்று ‘ஆச்சா, ஆச்சா’ என்று கேட்கும் அப்பா. தங்கை எடுத்தால் யாரும் முகத்தை மாற்றிக்கொள்ள மாட்டார்கள்.

முதலில் மொபைல் லென்ஸைத் துடையுங்கள். கல்யாண வீட்டில் எல்லோர் விரலிலும் எண்ணெய் இருக்கும். படம் மங்கலாக இருக்கிறது என்று என்னிடம் காட்டுகிறவர்களில் பாதிப் பேருக்கு நான் செய்து கொடுக்கும் ரிப்பேர், துண்டு நுனியால் ஒரு துடைப்பு. 0.5 என்று காட்டும் அகல லென்ஸில் ஆட்களை எடுக்காதீர்கள், ஓரத்தில் நிற்கிற அத்தை இரண்டு மடங்கு ஆகிவிடுவார். அப்புறம், வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது டாக்குமென்டாக அனுப்புங்கள். போட்டோவாக அனுப்பினால் அமுக்கிச் சிறிதாக்கிவிடும்.

முதன்முதலாக ஒரு கல்யாண ஆர்டர் கிடைத்திருக்கிறது. தாலி கட்டும் படம் தவறிவிடுமோ என்று பயமாக இருக்கிறது.
கல்லூரி மாணவர், சீர்காழி

பயம் இருக்கட்டும் தம்பி, நல்லதுதான். மாப்பிள்ளை எவ்வளவு நிதானமானவராக இருந்தாலும் அந்த வேலை அரை நிமிடம் தாண்டாது. முதல் நாள் இரவே வாத்தியாரிடம் போய் உட்காருங்கள். பெண் அப்பா மடியில் உட்காருவாளா, மணையிலா? மாப்பிள்ளை ஒரு முடிச்சா, மூன்றுமா? வீட்டுக்கு வீடு வழக்கம் மாறும். கேட்டால் வாத்தியார்கள் சந்தோஷமாகச் சொல்வார்கள். அவர்களிடம் யாரும் கேட்பதில்லை.

காலையில், தாலி வைத்த தட்டு ஆசீர்வாதம் வாங்கச் சபைக்குள் போகும். அதுதான் உங்களுக்கு மணி. செட்டிங், பேட்டரி, கார்டு எல்லாவற்றையும் அந்த நேரத்தில் பார்த்துவிடுங்கள். தட்டு மேடைக்குத் திரும்பிவிட்டால், யார் எதற்குக் கூப்பிட்டாலும் இடத்தைவிட்டு அசையக்கூடாது. மணமக்களுக்கு எதிரே, கொஞ்சம் பக்கவாட்டில் முட்டி போடுங்கள். எழுந்து நின்றால் சபை முழுக்க உங்கள் முதுகைத்தான் பார்க்கும். கண் வியூஃபைண்டரில் இருந்தாலும் காது தவிலில் இருக்கட்டும். வாத்தியார் கையைத் தூக்கி ஆட்டியதும் கெட்டிமேளம் எகிறும். அட்சதை விழத் தொடங்குவதற்கு முந்தைய இரண்டு மூன்று விநாடிதான் பெண்ணின் முகம் மறைப்பில்லாமல் கிடைக்கும். அப்புறம் அரிசியும் கைகளும்தான்.

முதல் முடிச்சு விழுந்ததும் திரையில் படம் பார்க்கக் குனியாதீர்கள். நிறைய வீடுகளில் மீதி இரண்டு முடிச்சு நாத்தனார் போடுவது. அந்தப் படம் இல்லாத ஆல்பத்தை எந்த நாத்தனாரும் மன்னித்து நான் பார்த்ததில்லை.

மேடை விளக்கில் முகமெல்லாம் ஊதாவாக விழுகிறது. பின்னால் எல்இடி திரை வைத்தால் வரி வரியாக வேறு வருகிறது. என்ன செய்வது?
வாசகர், தேனி

இரண்டும் வேறு வேறு வியாதி. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதில் எரியும் பல விளக்குகள் விநாடிக்கு 100 முறை துடிக்கும். ஷட்டர் வேகத்தை விநாடியில் 1/100 அல்லது 1/50 என்று வைத்தால் விளக்கால் வரும் வரி பெரும்பாலும் போய்விடும், திரையின் வரியும் குறையும். சத்தமில்லாமல் எடுக்கும் சைலன்ட் ஷட்டரை அணைத்துவிடுங்கள், அது வரியை அதிகமாக்கும். ஊதாவுக்குக் கேமராவில் மருந்து கிடையாது. பிறகு திருத்த வசதியாக, கேமரா பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ரா ஃபைலில் எடுத்தாலும் முகத்தில் ஊதாவைத் தவிர வேறு நிறமே பதியாதபோது எதை மீட்பது? டெக்கரேஷன்காரரிடம் ஒரு டீ வாங்கிக் கொடுத்து, தாலி கட்டி முடியும்வரை மேடைக்குக் கலர் அடிக்கும் பார் லைட்டை அணைத்து வைக்கச் சொல்லுங்கள்.

பெண் மாநிறம். ஆல்பத்தில் கொஞ்சம் கலராகக் காட்டச் சொல்லலாமா?
பெண்ணின் அம்மா, விருத்தாசலம்

சொல்லாதீர்கள் அம்மா. முகத்தை மட்டும் வெளுத்துவிட்டு, காதையும் கையையும் விட்டுவிடுவார்கள். மாநிறத்தில் தங்கமும் அரக்குப் பட்டும் எடுப்பாக விழும், வெளுத்தால் நகையும் சேர்ந்து வெளுக்கும். வேண்டுமானால் பெண் பக்கத்தில் ஒரு கைக்குட்டையோடு யாரையாவது நிற்கச் சொல்லுங்கள். ஃப்ளாஷில் பளபளப்பது வியர்வைதான்.

நீங்கள் கோட்டை விட்ட கல்யாணம் உண்டா?
வாசகர், பட்டுக்கோட்டை

உண்டு. 1994, வைகாசி. கையில் பென்டாக்ஸ் கே1000 ஃபிலிம் கேமரா. அவசரத்தில் ஃபிலிம் நுனியைச் சுருளில் சரியாக மாட்டவில்லை. 36 படம் தாண்டியும் ஃபிலிமை நகர்த்தும் லீவர் சுளுவாக நகர்ந்தபோதுதான் வயிற்றைக் கலக்கியது. ரோல் ஒரு அங்குலம்கூட நகரவில்லை. தாலி, அம்மி, அருந்ததி எல்லாம் காற்றில். பெண்ணின் அப்பாவிடம் போய்ச் சொன்னேன். என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “சாப்பிட்டீங்களா?” என்று கேட்டார். அன்றைய பந்தியில் என்ன பாயசம் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அன்றிலிருந்து லீவரைத் தள்ளும்போதெல்லாம் இடது பக்கச் சுருட்டும் குமிழ் சுற்றுகிறதா என்று பார்ப்பேன். இன்றைய கேமராக்களில் கார்டு இல்லாமலும் ஷட்டர் விழ அனுமதிக்கும் ஒரு செட்டிங் இருக்கிறது. கேமரா வாங்கிய அன்றே அதை அணைத்துவிடுங்கள்.

குரூப் போட்டோவில் ஆள் விட்டுப்போய்ச் சண்டை வராமல் இருக்க?
வாசகி, அரியலூர்

பந்தி தொடங்குவதற்கு முன்னால் எடுங்கள். வயதானவர்கள் முதலில், நாற்காலியோடு. பெரிய மாமாவைக் கூப்பிடும் வேலையை மட்டும் போட்டோகிராபரிடம் விடாதீர்கள். எந்த மாமா பெரியவர் என்று எங்களுக்குத் தெரியாது.