பூட்டிக் கிடந்த வீட்டின் கொல்லையைப் பொக்லைன் விட்டு வழித்துவிடலாமா?

பல வருடம் பூட்டிக் கிடந்த பூர்வீக வீடு, பத்து சென்ட் கொல்லை, ஆள் உயரப் புதர். பொக்லைன் விட்டு ஒரே நாளில் வழித்துவிட்டுத் தோட்டம் போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். நான் அதைத்தான் செய்தேன். ஒரு வருடம் வீணாகப் போனது.

எங்கள் வீடு பேராவூரணிப் பக்கம். 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் கொல்லையில் இருந்த பதினோரு தென்னையில் ஒன்பதைச் சாய்த்துவிட்டுப் போனது. அம்மாவைத் திருச்சிக்கு அழைத்து வந்துவிட்டோம். வீட்டின் மேல் விழுந்த மரங்களை மட்டும் அறுத்து அகற்றினோம். மற்றவை கிடந்த இடத்திலேயே மக்கின. நான்கு வருடம் கழித்துக் கொல்லைக் கதவைத் தள்ளினால் திறக்கவே இல்லை. பார்த்தீனியம், நாயுருவி, எருக்கு, வேலியோரம் சீமைக் கருவேலம், எல்லாவற்றையும் போர்த்திக்கொண்டு கோவைக்கொடி.

மாசியில் பொக்லைன் வந்தது. மூன்று மணி நேரத்தில் தரை கிரிக்கெட் மைதானம் போல ஆனது. படம் எடுத்து உறவினர் எல்லோருக்கும் அனுப்பினேன். சித்திரையில் ஒரு கோடைமழை. பத்தே நாளில் கொல்லை முழுக்கக் கோரை.

கோரைக்கு மண்ணுக்குள் கிழங்குகள் உண்டு. மெல்லிய தண்டால் மணி கோத்தது போல ஒன்றோடொன்று இணைந்திருக்கும். சங்கிலி முழுதாக இருக்கும்வரை பல கிழங்குகள் முளைக்காமல் உறங்கும். அறுந்தால் தனித்தனியாக முளைக்கும். பொக்லைன் செய்தது அதைத்தான். போதாக்குறைக்கு, பல வருடச் சருகு மக்கிய மேல்மண்ணை வேலியோரம் குவித்துவிட்டது. அப்பா வைத்த பவழமல்லியும் அந்தக் குவியலுக்குள் போய்விட்டது. புதருக்குள் அது இருந்ததையே நான் பார்த்திருக்கவில்லை.

ஆகவே முதல் வேலை, புதருக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்பது. காப்பாற்ற வேண்டிய செடிகளுக்குத் துணி கட்டிவிடுங்கள். பிறகு வீட்டை ஒட்டிய பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக வெட்டிக்கொண்டு போங்கள். பாம்பு இருந்தால் அதற்கு வெளியேற வழி கிடைக்கும். ஓட்டுக் குவியல், செங்கல் அடுக்கு ஆகியவற்றில் கையை விடாதீர்கள், கம்பால் புரட்டுங்கள்.

பார்த்தீனியத்தைப் பூக்குமுன், மண் ஈரமாக இருக்கும்போது வேரோடு பிடுங்க வேண்டும். ஒரு செடி பத்தாயிரத்துக்கும் மேல் விதை போடும். கையுறை இல்லாமல் தொடாதீர்கள். எனக்கு இரண்டு கையிலும் வந்த அரிப்பு அடங்க மூன்று வாரம் ஆயிற்று. சீமைக் கருவேலத்தைத் தரைமட்டத்தில் வெட்டினால் ஒன்றுக்கு ஐந்தாகத் துளிர்க்கும். கடப்பாரை போட்டு, ஓர் அடி ஆழத்துக்காவது தோண்டி, அடித்தூரோடு எடுத்துவிடுங்கள்.

மக்கிய தென்னங்கட்டைகள் எனக்குத் தனிப்பாடம். ஒன்றைப் பிளந்தபோது கட்டைவிரல் பருமனில் வெள்ளைப் புழுக்கள் சுருண்டு கிடந்தன. காண்டாமிருக வண்டின் புழுக்கள். அவை வண்டாகிப் பறந்தால் நீங்கள் வைக்கப்போகும் தென்னங்கன்றின் குருத்தைத்தான் குடையும். விசிறியைக் கத்தரித்தது போல மட்டை விரிந்தால் அதன் வேலை என்று அறிக. வேலைக்கு வந்த பெரியவர், "தம்பி, கோழியை விடுங்கள்" என்றார். பக்கத்து வீட்டுக் கோழிகள் இரண்டு நாள் விருந்து சாப்பிட்டன. கட்டைகளைப் பிளந்து வெயிலில் காயவைத்து அடுப்புக்குக் கொடுத்துவிட்டேன்.

கோரைக்கு நிழல் ஆகாது. அது ஒன்றுதான் நமக்குச் சாதகம். ஆடியில், மடக்கி உழுது உரமாக்கும் தக்கைப்பூண்டுச் செடியின் விதையை வழக்கத்தைவிட நெருக்கமாகத் தூவினேன். நாற்பத்தைந்து நாளில், பூக்கத் தொடங்கியதும் வெட்டி மண்ணோடு மடக்கிவிட்டேன். மண்ணுக்கும் உரமாயிற்று, கோரையும் பாதிக்கு மேல் அடங்கியது. மீதிக்குச் சர்க்கரைவள்ளிக் கொடியைப் படரவிட்டிருக்கிறேன். முழுதாக ஒழிந்துவிட்டது என்று சொன்னால் பொய்.

நடுவதற்கு எங்கள் பக்கம் புரட்டாசிக் கடைசி நல்ல நேரம்; ஐப்பசி மழை தண்ணீர் ஊற்றும் வேலையைப் பார்த்துக்கொள்ளும். பத்து சென்ட்டையும் ஒரே வருடத்தில் நிரப்பாதீர்கள். வாரம் ஒருமுறை மட்டும் ஊருக்குப் போகிற எனக்கு மூன்று சென்ட்தான் கட்டுப்படியாகிறது. பாத்திரம் கழுவும் தண்ணீர் போகும் வாய்க்காலில் மொந்தன் வாழை வைத்தேன்; அகலமான இலை விட்ட நீர்க்கன்றை விட்டுவிட்டு, குறுகிய இலையுள்ள ஈட்டிக் கன்றாகப் பார்த்து எடுத்தேன். முருங்கைப் போத்தை, அதாவது வெட்டிய கிளையை, தண்ணீர் தேங்காத மேட்டில், வீட்டிலிருந்து தள்ளி நட்டேன். காற்றுக்கு முதலில் ஒடிவது அதுதான். கறிவேப்பிலை முதல் வருடம் அசையவே அசையாது. பிடுங்கிப் பிடுங்கிப் பார்க்காதீர்கள்.

தென்னை இரண்டு மட்டும், இரண்டும் நெட்டை. வளர்ந்து விழுந்தால் எவ்வளவு தூரம் வரும் என்று கணக்குப் போட்டு, வீட்டைத் தொடாத தூரத்தில் மூன்றடிக் குழி எடுத்தேன். அன்று மாலையே அம்மா திருச்சியிலிருந்து போன் செய்தார். கொல்லை எப்படி இருக்கிறது என்றெல்லாம் கேட்கவில்லை. "குழியில் உப்புப் போட்டாயா?" என்றுதான் கேட்டார்.