வைட்டமின் டி டோஸைக் கூட்டினால் சிறுநீர்ப்பைக் கட்டி அடங்குமா?

வேண்டாம், டோஸை நீங்களாகக் கூட்டாதீர்கள். அப்பாவுக்கு ரத்தத்தில் வைட்டமின் டி 14 ng/mL என்பது குறைவுதான், சரிசெய்தால் எலும்புக்கு நல்லது. ஆனால் சிறுநீர்ப்பைப் புற்றுக்கு அது மருந்து என்று நிரூபணமாகவில்லை.

சிறுநீர்ப்பையில் வைட்டமின் டி ஏற்பி (வைட்டமின் டி வந்து ஒட்டும் புரதம்) இருக்கிறது என்று நீங்கள் படித்தது பொய்யில்லை. சிறுநீர்ப்பையின் உட்சுவர் செல்களில் அது உண்டு. வைட்டமின் டியின் செயல்படும் வடிவமான கால்சிட்ரியால் வந்து ஒட்டியதும், அந்த ஏற்பி ஆர்எக்ஸ்ஆர் என்ற இன்னொரு ஏற்பியோடு ஜோடி சேர்ந்து டிஎன்ஏவில் உட்கார்ந்து, செல் பெருக்கத்தைக் கட்டுப்படுத்தும் மரபணுக்களை இயக்கும். ஆய்வகத்தில் வளர்த்த புற்றுசெல்களின் பெருக்கம் இப்படிக் குறைந்தது உண்மை. உடம்பிலும் அப்படியே நடக்கும் என்று சொல்ல முடியாது.

சென்னை வெயிலில் எப்படிக் குறைபாடு என்கிறீர்கள். வேளச்சேரி ஃபிளாட்டுக்குள்ளேயே பகல் முழுக்க இருந்தால் வெயில் எங்கே படும்?

பயாப்ஸியில் அந்த ஏற்பியைத் தேடச் சொல்லாதீர்கள். அது வழக்கமான சோதனையே அல்ல. ரிப்போர்ட்டில் வேறொன்றைப் பாருங்கள்: எடுத்த திசுவில் தசை அடுக்கு இருந்ததா, கட்டி அதில் இறங்கியிருக்கிறதா? தசையே வரவில்லை என்றிருந்தால், மறுபடி சுரண்டி எடுக்க வேண்டுமா என்று யூராலஜிஸ்ட்டிடம் கேளுங்கள்.

அப்புறம், வாரம் ஒன்று என்று கொடுத்த 60,000 யூனிட் சாஷேவைத் தினமும் கொடுத்தால் ரத்தத்தில் கால்சியம் ஏறும். அடிக்கடி சிறுநீர் போகும். கட்டி திரும்பிவிட்டதோ என்று வீடே பதறும். முன்பு சிறுநீரகக் கல் இருந்திருந்தால் அதையும் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.