மார்கழி வானம்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கே: ஓரையன் நட்சத்திரக் கூட்டத்துக்கு ஏன் அந்தப் பெயர்? (காட்பாடி)
ப: கிரேக்கக் கதையில் வரும் வேட்டைக்காரன் பெயர். உலகத்து விலங்குகளையெல்லாம் கொன்று தீர்ப்பேன் என்று கொக்கரித்தான். பூமித்தாய் ஒரு தேளை ஏவினாள். இரண்டையும் வானத்தில் எதிரெதிராக வைத்தார்கள். விருச்சிகம் கிழக்கே எழும்போது ஓரையன் மேற்கே இறங்கிவிடும்.

கே: நேற்று பெரிய நட்சத்திரம் பார்த்தேன், என்ன அது? (ஆம்பூர்)
ப: எத்தனை மணிக்கு? எந்தத் திசையில்? இவை இல்லாத கடிதத்துக்குப் பதில் கிடையாது என்று எத்தனை முறை எழுதுவது?

கே: ஓரையன் நம் மிருகசீரிடம்தானே? (ஆரணி)
ப: தலைப்பக்கம் மங்கலாக இருக்கும் மூன்று மட்டுமே மிருகசீரிடம். தோளில் சிவந்திருப்பது திருவாதிரை. வடமொழிக் கதையில் அந்தத் தலை மானுடையது. இடுப்பிலுள்ள மூன்றும் அதன்மேல் பாய்ந்த அம்பு. எய்த வேடன், பக்கத்தில் பளிச்சென்றிருக்கும் சிரியஸ். பாபிலோனியருக்கோ இதே உருவம் வானத்து மேய்ப்பன். யாரிடமிருந்து யார் திருடினார்கள் என்ற சண்டைக்கு என்னை இழுக்காதீர்கள்.

கே: திருவாதிரை வெடிக்கப் போகிறதாமே? (குடியாத்தம்)
ப: வெடிக்கும், லட்சம் ஆண்டுக்குள். 2019 கடைசியில் மங்கியது தூசி மறைத்ததால். 500, 600 ஒளியாண்டு தள்ளியிருக்கிறது, நமக்கு ஆபத்தில்லை.

கே: ஓரையன் இடுப்புக்குத் தெற்கே உள்ள நெபுலா (வாயுவும் தூசியும் சேர்ந்த மேகம்) தெரியவில்லை. தொலைநோக்கி வாங்கலாமா? (வேலூர்)
ப: வாங்காதீர்கள். கோளாறு கண்ணில் இல்லை, தெரு விளக்கில். வானம் இருட்டாக இருந்ததால்தான் வானியலாளர் வைணு பாப்பு 1960களில் வானாய்வுக்கூடத்துக்கு ஜவ்வாது மலைக் காவலூரைத் தேர்ந்தெடுத்தார். 1986இல் அங்கே 2.3 மீட்டர் தொலைநோக்கி வந்தது. வட ஆற்காட்டுக்குக் கிடைத்த சொத்து அந்த இருட்டு. அதை நாம் கரைத்துக்கொண்டிருக்கிறோம். முச்சந்திக்கு முச்சந்தி ஹைமாஸ்ட், கல்யாண மண்டபத்து ஃபோகஸ் லைட், ஆள் குடியேறாத மனைப்பிரிவில்கூட விடிய விடிய வெள்ளை வெளிச்சம். என் மொட்டை மாடியில் அடிக்கும் விளக்குக்கு மேல்மூடி போடச் சொல்லி மனு கொடுத்துப் பார்த்தேன். "பாதுகாப்புக்குங்க சார்" என்றார்கள். மூடி போட்டால் மேலே வீணாகும் ஒளியும் தெருவில்தான் விழும், மின்சாரமும் மிச்சம். இது ஏன் யாருக்கும் உறைக்கவில்லை? நிலவில்லாத இரவில் ஒடுகத்தூர், ஆலங்காயம் பக்கம் போங்கள். செல்போனை அணைத்துவிட்டு 20 நிமிடம் இருட்டில் நில்லுங்கள். 1,300 ஒளியாண்டு தொலைவிலுள்ள அந்தப் புகைத்திட்டு வெறும் கண்ணுக்கே தெரியும். சாதாரண பைனாகுலர் இருந்தால் இன்னும் நன்று.

கே: ஓரையன் எப்போது எழும்? (போளூர்)
ப: மார்கழி முதல் வாரங்களில் மாலை ஆறு, ஆறரைக்கு நேர் கிழக்கே. படத்தில் நிற்கிற வேட்டைக்காரன் நம் ஊரில் படுத்தபடிதான் எழுவான். உங்கள் இடது கைப்பக்கம் திருவாதிரை, வலப்பக்கம் ரைஜெல் நட்சத்திரம். நள்ளிரவில் உச்சிக்குச் சற்றுத் தெற்கே தேடுங்கள்.