வெளிநாட்டுல நீங்க போன கோயில்கள்லயே உங்கள கொஞ்சம் பயமுறுத்துன கோயில் எது?

தைவான்ல தைனான்னு ஒரு ஊர், அங்கதான் பிஎச்டி பண்ணிட்டிருக்கேன். அந்த ஊர் காவல் சாமி கோயில் சிங்நியன் ரோட்ல இருக்கு, 1669ல கட்டுனது, வெளிய இருந்து பாத்தா பெருசா ஒண்ணும் தெரியாது.

உள்ள போயி நிமிந்தா ஒரு பலகை, மூணே எழுத்து, "எர் லாய் லெ". கூட வந்த லேப் ஃப்ரெண்ட் கிட்ட அர்த்தம் கேட்டேன், "நீ வந்துட்டியா"ன்னான். அட வரவேற்பு போலன்னு நெனச்சா, இல்லியாம், செத்ததுக்கப்புறம் எல்லாரும் இவர் முன்னாடி விசாரணைக்கு வந்து நிக்கணுமாம், அந்த "வந்துட்டியா". நம்ம ஊர் ஸ்டேஷன்ல ஏட்டய்யா கேப்பாரே, அதே தொனி. மேல ஒரு பெரிய அபாக்கஸ் வேற தொங்குது, தெருவுக்குத் தெரு நம்ம பசங்களுக்கு கிளாஸ் எடுக்குறாங்களே அதேதான், இங்க அது நம்ம பாவ புண்ணியத்த கூட்டிக் கழிக்க.

சாமி பேரு செங்ஹுவாங். செங்னா கோட்டை மதில், ஹுவாங்னா அகழி. ஊரக் காக்குறதுன்னதும் நம்ம ஐயனார் மாதிரி குதிரை, அருவாளோட இருப்பார்னுதான் போனேன், ஆனா இவர் பக்கா கவர்மென்ட் ஆபீசர். உயிரோட இருக்குறவனுக்கு கலெக்டர்னா செத்தவனுக்கு இவர், கீழ ரெண்டு பக்கமும் 24 டிபார்ட்மென்ட் அதிகாரிங்க. சீனாவோட மிங் வம்சத்து முதல் ராஜா ஹோங்வூ, ஊரோட சைஸ் பாத்து இந்த சாமிங்களுக்கு கிரேடு எல்லாம் போட்டுக் குடுத்திருக்கார். நெறைய ஊர்ல இந்தப் போஸ்ட்ல இருக்கறது நெசமாவே வாழ்ந்து செத்த ஆளுங்கதான். ஷாங்காய் கோயில்ல சின் யூபோன்னு ஒருத்தர், ஹோங்வூ வேலைக்குக் கூப்பிட கூப்பிட சாக்கு சொல்லி நழுவுனவராம், 1373ல அவர் செத்ததும் ராஜா விடல, உயிரோட இருந்தப்ப வரலேல்ல, இப்ப இந்த ஊரப் பாத்துக்கோன்னு காவல் சாமியா ஆர்டர் போட்டுட்டார்னு கதை. செத்தும் டூட்டி!

நம்ம பக்கம் பூ கட்டிப் போட்டுப் பாப்போம்ல, அங்க அதுக்கு பிறை மாதிரி ரெண்டு கட்டை, ஒரு பக்கம் தட்டை, ஒரு பக்கம் மேடு. கேள்விய மனசுல சொல்லிட்டு தரையில போடணும், ஒண்ணு தட்டையும் ஒண்ணு மேடுமா விழுந்தா ஆமா, ரெண்டும் மேடுன்னா இல்ல. நானும் முட்டி போட்டு, என் தீசிஸ் எப்ப முடியும்னு கேட்டுப் போட்டேன், டக்குன்னு ரெண்டு சத்தம், ரெண்டுமே தட்டை மேல தெரிய விழுந்துச்சு. ஃப்ரெண்ட் வாயப் பொத்திக்கிட்டு சிரிக்கிறான், "சாமி சிரிக்குதுடா"ன்னான். எப்பன்னு எல்லாம் கேக்கக் கூடாதாம், முடியுமா முடியாதான்னு கேக்கணுமாம். அதக் கேக்க தைரியம் வரல, கட்டைய எடுத்த எடத்துலயே வெச்சுட்டு வந்துட்டேன்.