கொல்லைத் தென்னையில் ஏறலாமா?

கேள்வி: கஜா புயலில் தப்பிய மூன்று தென்னைகள் எங்கள் கொல்லையில் நிற்கின்றன. காய் பறிக்க வந்தவர் நடு மரத்தின் அடியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இதில் நான் ஏற மாட்டேன்" என்று சொல்லிவிட்டார். மட்டை பச்சையாகத்தான் இருக்கிறது, காயும் இருக்கிறது. காலேஜில் படிக்கும் என் மகன், தானே ஏறிப் பறிப்பதாகச் சொல்கிறான். விடலாமா?
– ஒரு வாசகி, பேராவூரணி

பதில்: விடாதீர்கள் அம்மா. எங்கள் தோப்பிலும் மரம் ஏறுபவர் வேண்டாம் என்றால் அந்த மரத்தை விட்டுவிடுவோம். மேலே காய் தொங்குவதை வைத்து அடிமரம் நன்றாக இருக்கிறது என்று சொல்லவே முடியாது.

நீங்களே போய்ப் பாருங்கள். அடிமரத்தில் செம்பழுப்பாகச் சாறு கசிந்து காய்ந்திருக்கிறதா? மழைக்குப் பிறகு தூரை ஒட்டித் தட்டுத் தட்டாகக் காளான் முளைத்ததா? அடிமட்டைகள் வாடி, தண்டோடு ஒட்டித் தொங்குகின்றனவா? அப்படியானால் அது தஞ்சாவூர் வாடல் நோயாக இருக்கலாம். 1952 புயலுக்குப் பிறகு நம் தஞ்சைப் பக்கம் கடுமையாகப் பரவியதால் வந்த பெயர் அது. வேரையும் தூரையும் உள்ளேயே அழுக வைத்துவிடும். காளான் வந்த மரத்தில் யாரையும் ஏற்றக் கூடாது.

இன்னொன்று சிவப்புக் கூன்வண்டு. தண்டில் ஓட்டை, அதில் மென்று துப்பிய நார், பழுப்புச் சாறு இருந்தால் உள்ளே புழு குடைகிறது என்று அர்த்தம். காதை வைத்தால் சில சமயம் புழு நறநறவென்று தின்பதுகூடக் கேட்கும். அரிவாள் பிடியால் தட்டிக்கொண்டே வாருங்கள், பொந்து விழுந்த இடத்தில் சத்தம் மாறும். தென்னைக்குக் காயம் பட்டால் மற்ற மரங்களைப் போல மூடி வளராது. அதனால்தான் ஏறுவதற்கு வசதியாகத் தண்டில் படி வெட்டுவதைக் கண்டாலே எனக்குக் கோபம் வரும். அந்த வெட்டில் தண்ணீர் தேங்கும், வண்டும் அங்கேதான் முட்டையிடும்.

புயல் கண்ட மரமாச்சே, சாய்வையும் கவனியுங்கள். சின்னதிலேயே சாய்ந்து, அப்புறம் நுனி நிமிர்ந்து வளர்ந்த மரம் என்றால் பயமில்லை. சாய்வுக்கு எதிர்ப்பக்கம் மண் வெடித்து வேர் கிளம்பியிருந்தால் ஆபத்து. கொண்டைக்குக் கீழே தண்டு பென்சில் முனை மாதிரி சிறுத்த மரமும் வேண்டாம்.

மற்ற இரண்டு மரங்களையும் இப்படிப் பார்த்த பிறகு, கீழே நின்று கதண்டுக் (கொட்டும் குளவி) கூடு இருக்கிறதா, மட்டை கரண்டு கம்பியில் உரசுகிறதா என்று மரம் ஏறுபவரைப் பார்க்கச் சொல்லுங்கள். தண்டு ஈரமாக இருந்தால் அன்றைக்கு வேண்டாம். அப்போதும் ஏறுவது அந்தத் தொழில்காரராகவே இருக்கட்டும்.

நடு மரத்தில் காளான் இருந்தால் தூரோடு தோண்டி அப்புறப்படுத்துங்கள், அடிக்கட்டையை விட்டால் நோய் பக்கத்து மரங்களுக்கும் போகும். அவற்றுக்கு ஆண்டுக்கு மரத்துக்கு 5 கிலோ வேப்பம் பிண்ணாக்கு வையுங்கள்.